திண்டிவனத்திலிருந்து போட்ட கணக்கு

ஒருவனுடைய உண்மையான புத்தியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவனுடைய நோட்டின் முதல் பக்கத்தைப் பார்க்கக் கூடாது. அங்கே பிள்ளையார் சுழியும், அச்சடித்த மாதிரி பெயரும், வகுப்பும் இருக்கும். கடைசிப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். வாத்தியாரின் மூக்கை மட்டும் பெரிதாக்கி வரைந்த படம், பக்கத்துப் பெஞ்சுக்காரனோடு ஆடிய புள்ளி விளையாட்டு, யாருடைய பெயரையோ எழுதி அடித்து மறுபடி எழுதியது எல்லாம் அங்கேதான் இருக்கும். என் நோட்டின் கடைசி நான்கு பக்கங்களில் என் புத்தி மொத்தமும் இருந்தது. அதை நானே ரயிலேறிப் போய், இரண்டு கைகளாலும் மரியாதையாக நீட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதைக்கூட என்னைப் போல் பணிவோடு செய்தவன் இருக்க மாட்டான்.

அறுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பத்தில் எம்.எஸ்சி. வரைக்கும் போன முதல் ஆள். ஆகவே கர்வத்துக்குக் குறைவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டால்கூட, யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்கிறானே என்று அவன்மேல் இரக்கப்படுவேன்.

அந்தக் கர்வத்தின் சொத்துப் பத்திரம்தான் என் குவாண்டம் மெக்கானிக்ஸ் நோட்டு. நூற்று எண்பது பக்கம், கெட்டி அட்டை. மதராசில் எங்கள் பேராசிரியர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எழுதியது. அவர் தும்மினால் மட்டும் பேனா நிற்கும். நடுவில் அவர் கதவைச் சாத்தச் சொன்னது எழுபத்திரண்டாம் பக்கத்தில், இரண்டு சமன்பாடுகளுக்கு நடுவில், என் கையெழுத்தில் இருக்கிறது. பரீட்சைக்கு அதையும் சேர்த்துத்தான் மனப்பாடம் செய்தேன். (பரீட்சையில் எழுதினேனா என்று கேட்காதீர்கள். முதல் வகுப்பு வந்தது, அதோடு விடுங்கள்.)

அந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவும் வீதத்தைக் கணக்கிடுவது. விஷயம் இவ்வளவுதான். அணுவுக்குள் எலெக்ட்ரான் தன்பாட்டுக்கு ஒரு நிலையில் கிடக்கிறது. வெளியிலிருந்து யாராவது லேசாக உசுப்பிவிட்டால் அது வேறொரு நிலைக்குத் தாவும். இந்த உசுப்பலைத்தான் நாங்கள் பெர்டர்பேஷன் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். நொடிக்கு எத்தனை என்ற கணக்கில் தாவும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. பொன் விதி என்றே அதற்குப் பெயர். அதில் முக்கியமாக இரண்டு சரக்கு. அந்த உசுப்பல் இரண்டு நிலைகளையும் எவ்வளவு பலமாகப் பிணைக்கிறது என்று ஒரு எண். அதை வர்க்கம் செய்ய வேண்டும். போய்ச் சேருகிற இடத்தில் எத்தனை நிலைகள் இருக்கின்றன என்பது இரண்டாவது. இரண்டையும் பெருக்கி ஒரு மாறிலியைச் சேர்த்தால் விடை வந்துவிடும். எனக்கு இது தலைகீழாகத் தெரியும். புரியுமா என்று அந்தக் காலத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

எனக்குப் பெண் பார்க்கும் பொறுப்பை அம்மாவின் தம்பி கோவிந்தசாமி மாமா எடுத்துக்கொண்டிருந்தார். மாமா பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் தானாக எழுந்து நின்றுகொள்வான். குரலும் உடம்புக்குத் தகுந்த குரல். அவர் வானூரில் ஒரு வீடு, எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீடு, திண்டிவனத்தில் ஒரு வீடு என்று மூன்று இடம் பார்த்து வைத்திருந்தார்.

முதல் இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வானூரில் வடை நன்றாக இருந்தது. திண்டிவனத்தில்தான் நான் விழுந்தேன். பெண்ணின் அப்பா ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். பெண் பெயர் கமலா. பி.எஸ்சி. பௌதிகம் படித்துவிட்டு அங்கே பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்தாள். வழக்கப்படி காபி கொண்டுவந்து வைத்தாள். வழக்கப்படி உள்ளே போகவில்லை. நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்ககிட்ட குவாண்டம் மெக்கானிக்ஸ் நோட்ஸ் இருக்குதுங்களா? அடுத்த வருஷம் எம்.எஸ்சி. சேரலாம்னு இருக்கேன். இப்பவே படிச்சு வைக்கலாம்னு."

சபையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பாட்டுப் பாடிக் கேட்டிருக்கிறார்கள். பெண் நோட்ஸ் கேட்டதை யாரும் கேட்டதில்லை. எனக்கு மட்டும் உச்சந்தலையில் பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணை எனக்கு அநியாயத்துக்குப் பிடித்துவிட்டது. இன்றைக்கு எவ்வளவு கேலி செய்தாலும் அதை மட்டும் நான் மறுக்க முடியாது. அந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம நானே கொண்டாந்து குடுக்கறேன்" என்றேன்.

நடுவில் புதன்கிழமை வந்ததுதான் என் கெட்ட காலம். அன்றைக்குக் கல்லூரியில் பரீட்சை மேற்பார்வை. மூன்று மணி நேரம் ஒரு ஹாலில் மேலும் கீழும் நடப்பதைத் தவிர வேலை கிடையாது. கையில் நோட்டு இருந்தது. மனதில் திண்டிவனம் இருந்தது. சும்மா இருந்த சங்கை எடுத்தேன், ஊதினேன்.

ஆரம்ப நிலை: விழுப்புரத்தில் வாடகை அறையில் பிரம்மச்சாரி. இறுதி நிலைகள்: மூன்று வீடுகள். உசுப்பல்: மாமா. (அவர் வெள்ளிக்கிழமைதோறும் தவறாமல் வந்து உசுப்புவதால், குறிப்பிட்ட கால இடைவெளியில் வரும் பெர்டர்பேஷன் என்று தலைப்பு வேறு.) பிணைப்பு எண் வானூருக்குப் பூஜ்யம் புள்ளி இரண்டு, பெண்ணின் முகம் நினைவில்லை, வடைக்காகப் போட்டது. எங்கள் ஊர்ப்பக்கத்து வீட்டுக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்று. படிக்காத பெண், எனக்கு எதற்கு என்ற திமிர். திண்டிவனத்துக்குப் பூஜ்யம் புள்ளி எட்டு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சூத்திரத்தில் இன்னொரு சரக்கு இருக்கிறதே, போய்ச் சேரும் இடத்தில் எத்தனை நிலைகள்? மற்ற வீடுகளில் ஆளுக்கொரு பெண். திண்டிவனத்து வீடு கூட்டுக் குடும்பம். கமலாவோடு பெரியப்பா மகள் ஒருத்தி, சித்தப்பா மகள் ஒருத்தி என்று இருபதைத் தாண்டிய மூன்று பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள். நான் யோசிக்கவே இல்லை. மூன்று என்று போட்டேன். பெயர்களையும் எழுதி, பக்கத்தில், ஒன்று தவறினாலும் ஒன்று உண்டு என்று இங்கிலீஷில் ஒரு குறிப்பு. அழகான கையெழுத்து எனக்கு.

பெருக்கிப் பார்த்தேன். திண்டிவனத்துக்குத் தாவும் வீதம் மாதத்துக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்பது என்று வந்தது. அதாவது சராசரியாக ஐந்து வாரத்துக்குள் கல்யாணம். எனக்கு இருந்த பூரிப்பில், ஹாலில் இரண்டு பேர் ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியதைக் கண்டும் காணாமல் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதே நோட்டைக் கொண்டுபோய்க் கமலாவிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கங்கள் ஞாபகமே வரவில்லை. விதி கண்ணை மறைக்கும் என்பார்கள்; எனக்குப் பொன் விதி மறைத்தது.

அடுத்த மூன்று வாரமும் நான் சும்மா இருக்கவில்லை. கணக்குத்தான் வந்துவிட்டதே! ரயில்வே காலனிக்குப் பின்னால் தனியாக ஒரு வீடு பார்த்துக் குடிபோனேன். சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். கல்லூரியில் சக ஆசிரியர்களிடம், மனைவியும் பௌதிகம் என்று மனைவி இல்லாமலேயே சொல்லிவைத்தேன்.

நான்காவது வாரம் கூட்ஸ் கிளார்க்கிடமிருந்து கார்டு வந்தது. கமலா நோட்டைப் படித்து முடித்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம், ஒன்றிரண்டு சந்தேகம் கேட்க வேண்டுமாம் என்று எழுதியிருந்தார். மாமா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நோட்ட வாங்கிக்கினு போறதுக்கு எவனாவது கார்டு போடுவானா? தபால்ல அனுப்ச்சிட மாட்டான்? இது வேற சங்கதிடா. நிச்சயத்துக்குத் தேதி கேக்கறாங்க. வாயத் தொறந்து கேக்க வெக்கம். நீ ஜல்தியா வேட்டிய எடுத்துக் கட்டு."

ஆகவே மாமா, நான், எங்கள் அப்பா மூன்று பேரும் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, சர்க்கரை வைத்த தாம்பூலத் தட்டோடு பாசஞ்சர் ஏறினோம். நோட்டு வாங்கத் தாம்பூலத் தட்டோடு போனவர்கள் உலகத்திலேயே நாங்கள்தான்.

திண்டிவனத்தில் பாய் விரித்திருந்தது. பஜ்ஜி வந்தது. மாமாவுக்கு மட்டும் பெஞ்சு போட்டார்கள். கமலாவின் அப்பா எங்கள் தட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். லேட்டாக வரும் வண்டியைப் பற்றி அறிவிக்கிறவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். பிறகு கமலா வந்தாள். கையில் காபி இல்லை. என் நோட்டு இருந்தது.

"ஒரு கணக்குல சந்தேகங்க. எல்லாரும் இருக்கும்போதே கேக்கலாங்களா?"

"கேளும்மா, கேளு!" என்றார் மாமா. "எங்க பையன் மதராஸ்ல படிச்சவன். எந்தக் கணக்கா இருந்தாலும் வாயாலயே போடுவான்."

கமலா உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்தாள். பின் அட்டையைத் திறந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புதன்கிழமை ஞாபகம் வந்தது. வாயில் வைத்த பஜ்ஜி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. எழுந்து ஓடலாம் என்றால் வாசலை மறைத்துக்கொண்டு மாமாவின் பெஞ்சு இருந்தது.

"இங்க போய்ச் சேர்ற நிலைங்க மூணுன்னு போட்டிருக்கீங்க" என்றாள் கமலா. குரலில் கோபமே இல்லை, வகுப்பில் கேட்கிற குரல். "மூணும் ஒண்ணுதாங்களா? எதுல போய் விழுந்தாலும் பரவாயில்லையா?"

சமையலறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு ஜோடி வளையல் சத்தம் கேட்டது. கூடவே அடக்கிப் பார்த்தும் அடங்காத சிரிப்பு.

"எங்க பையன் மூணுன்னு போட்டா மூணுதாம்மா" என்றார் மாமா. "அவன் கணக்குல கொறைக்க மாட்டான்."

நான் பஜ்ஜியை விழுங்கினேன். "ஒண்ணுன்னுதான் போட்டிருக்கணும்" என்றேன்.

"சரிங்க. நாப்பதாம் பக்கத்துல, பெர்டர்பேஷன் ரொம்பச் சின்னதா இருந்தாத்தான் இந்தச் சூத்திரம் செல்லும்னு எழுதியிருக்கீங்க. இந்தக் கணக்குல இருக்கற பெர்டர்பேஷன் சின்னதுங்களா?"

அந்த நேரம் பார்த்து மாமா நாலாவது பஜ்ஜிக்காகக் குனிந்தார். பெஞ்சு கிறீச்சென்று கத்தியது. கமலா அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"கொஞ்சம்... பெரிசுதாங்க" என்றேன்.

"சின்னதோ பெரிசோ, அவன் சமாளிப்பாம்மா!" என்றார் மாமா, வாய் நிறையப் பஜ்ஜியோடு. எங்கள் அப்பா பெருமை தாங்காமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மகனும் வருங்கால மருமகளும் பாடம் பேசிக்கொள்வதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்ற நினைப்பு அவருக்கு.

"கடைசியா ஒண்ணுதாங்க." கமலா நோட்டின் முன்பக்கத்துக்குப் போய் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். "முப்பத்தேழாம் பக்கம். இங்கேர்ந்து அங்க போறதுக்கு ஒரு எண் இருந்தா, அங்கேர்ந்து இங்க வர்றதுக்கும் அதே அளவுதான் இருக்கணும். ரெண்டு பக்கமும் பிணைப்பு ஒரே மாதிரி. உங்க கையெழுத்துதான். சரிங்களா?"

அந்த வரியை நான் ஐம்பது முறையாவது ஒப்பித்திருப்பேன். அதற்கு அர்த்தம் ஒன்று இருக்கிறது என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. "சரிங்க" என்றேன்.

"நீங்க விழுப்புரத்துலேர்ந்து கணக்குப் போட்டீங்க, புள்ளி எட்டு வந்துச்சு. நான் இங்கேர்ந்து போட்டுப் பாத்தேன். பூஜ்யம் வருது. ரெண்டு தடவ போட்டேன், ரெண்டு தடவயும் பூஜ்யம்தான். அப்போ யாரு கணக்குல தப்புங்க?"

அப்பா ஆவலோடு என் வாயைப் பார்த்தார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"சொல்லேன்டா! கொழந்த கேக்குது இல்ல? தெரியலையா ஒனக்கு?"

"என் கணக்குலதான் தப்பு" என்றேன்.

"பாத்தீங்களா!" மாமா தொடையில் தட்டினார். "என்னா பெருந்தன்ம! படிச்சவன்னா இப்டி இருக்கணும்!"

கமலா நோட்டை மூடி, நான் கொடுத்த மாதிரியே இரண்டு கைகளாலும் நீட்டினாள். "ரொம்ப நல்ல நோட்டுங்க. இத வச்சித்தான் எல்லாம் கத்துக்கினேன்" என்றாள். அதில் கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. மூன்று வருஷம் நான் சுமந்து திரிந்ததை மூன்று வாரத்தில் புரிந்துகொண்டு, அதை வைத்தே எனக்குப் பதில் சொல்லியிருந்தாள். அவளைப் பிடித்திருந்தது போய், இன்னும் அதிகமாகப் பிடித்துத் தொலைத்தது. அவமானம் ஒரு பங்கு என்றால் இழப்பு மூன்று பங்காக இருந்தது எனக்கு.

அவள் அப்பா எழுந்தார். தாம்பூலத் தட்டை எடுத்து, ஒரு வாழைப்பழம்கூடக் குறையாமல், எங்கள் அப்பாவின் கையில் வைத்தார். "அஞ்சரை பாசஞ்சரு இன்னிக்கு ரைட் டைமுங்க" என்றார். ரயில்வேக்காரர் இதைவிடத் தெளிவாக ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

மாமாவுக்கு அது ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எட்டியது. "தட்ட ஏன்டா திருப்பிக் குடுத்தான்?" என்று கேட்டுக்கொண்டே ரயிலேறினார். வேறு வழியில்லாமல் மயிலத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில், கூட்டம் நிறைந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியில், வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) உரித்துக்கொண்டிருந்த எங்கள் அப்பாவையும் மாமாவையும் வைத்துக்கொண்டு, நான் குவாண்டம் மெக்கானிக்ஸ் நடத்தினேன். என் வாழ்க்கையிலேயே புரிகிற மாதிரி நடத்திய முதல் பாடம் அதுதான். அப்பா மூன்று பெண்கள் விஷயத்தைக் கேட்டதும் மல்லாட்டைத் தோலை என் மூஞ்சியில் எறிந்தார். மாமா மல்லாட்டை உரிப்பதை நிறுத்திவிட்டார். அப்புறம் கேட்டார்.

"அந்தச் சின்ன பெர்டர்பேஷனு... அது நானாடா?"

"ஆமாம் மாமா."

"ஜில்லா பூரா அலஞ்சி பேஜாராகிக் கெடக்கறேன், என்னப் போயி சின்னதுன்னு போட்டியாடா?" அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சம்பந்தம் போனதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

முண்டியம்பாக்கம் தாண்டியதும் நோட்டைப் பிரித்தேன். கடைசிப் பக்கங்களில் ஓரமாகச் சிவப்பு மையில் அவள் எழுதியிருந்தாள். மாதத்துக்குப் புள்ளி ஒன்பது என்றால் ஆறு மாதத்தில் ஐந்து கல்யாணத்துக்கு மேல் ஆகிறது, சட்டம் ஒன்றைத்தான் அனுமதிக்கிறது என்று ஒரு குறிப்பு. அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு இரண்டு விட்டுப்போயிருப்பதாக இன்னொன்று. சரிபார்த்தேன்; விட்டுத்தான் போயிருந்தது. எங்கள் பேராசிரியர் எத்தனையோ வருஷமாக அந்த இரண்டு இல்லாமல்தான் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் அது இல்லாமலேயே எழுதி முதல் வகுப்பில் தேறிக்கொண்டிருந்தோம். கமலா அடுத்த வருஷமே மதராசுக்குப் போய் எம்.எஸ்சி. சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு பெரிய பெரிய இடங்களுக்கெல்லாம் போனாளாம். போகாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரு வருஷம் கழித்து, மனசு ஆறிய மாமா என்னை மண்டகப்பட்டுக்கு அழைத்துப் போனார். விவசாயக் குடும்பம், பெண் எஸ்.எஸ்.எல்.சி., பெயர் தனலட்சுமி. வந்தாள், கும்பிட்டாள், உள்ளே போனாள். மாமா என் பக்கம் குனிந்து, "என்னாடா, புடிச்சிருக்கா?" என்று அவருடைய ரகசியக் குரலில், தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கேட்டார்.

"அத அப்புறம் சொல்றேன் மாமா. மொதல்ல அவங்களுக்கு என்னப் புடிச்சிருக்கான்னு கேட்டுட்டு வாங்க" என்றேன்.

அந்தக் காலத்தில் இப்படிக் கேட்பது, பெண் வீட்டில் போய்ப் பானையைப் போட்டு உடைப்பதற்குச் சமம். பெண்ணின் அப்பா, பையனுக்கு ஏதாவது கோளாறா என்று எங்கள் அப்பாவைக் கேட்டார். மாமா என் தொடையைக் கிள்ளிய தழும்பு வெகுநாள் இருந்தது. நான் அசையவில்லை. கடைசியில் ஒரு கிழவியை உள்ளே அனுப்பினார்கள். போனவள் திரும்பி வந்து சபைக்கு நடுவில் சொன்னாள்.

"பரவால்லன்னு சொல்லுது."

அந்தப் 'பரவால்ல'யைப் பிடித்துக்கொண்டுதான் நாற்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திவிட்டேன். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தாலும் அவர்கள் அம்மா வாயிலிருந்து வருகிற உச்சபட்சப் பட்டம் பரவால்லதான். யாராவது தானே ஒரு முடிவெடுத்து மற்றவர்கள் தலையில் கட்டப் பார்த்தால், "விழுப்புரத்துலேர்ந்தே கணக்குப் போடாதீங்க" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்துவார்கள். பேரன் பேத்திகளுக்கு விழுப்புரம் என்று ஒரு ஊர் இருப்பது தெரிவதற்கு முன்பே இந்த வசனம் தெரியும்.

தனலட்சுமி இந்தக் கதையை வீட்டுக்கு வரும் ஒவ்வொரு மருமகளுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவாள். மாமா பஜ்ஜி தின்பது, அப்பா தலையாட்டுவது எல்லாம் நடித்தே காட்டுவாள். (அவள் அங்கே இருந்ததே இல்லை.) போன தை மாதம் வந்த சின்ன மருமகள் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதையும் பாராமல் கேட்டாள்.

"அவங்க போட்டதுல பூஜ்யம் வந்துச்சு. நீங்க போட்டதுல எவ்ளோ வந்துச்சு அத்தை?"

தனலட்சுமி என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள்.

"நான் இன்னும் போட்டுக்கினுதான்மா இருக்கேன்" என்றாள்.